கழுவாத நார்த்தூள்

மட்டாஞ்சேரி
6 ஏப்ரல் 2025

கமலாக்ஷிக்கு,

அண்ணாவின் ஆசீர்வாதம். கோபமும் உண்டு. போனை நீ எடுக்காததால் எழுதுகிறேன். திருப்பூணித்துறையில் மகள் வீட்டில் சௌகரியமாக இருப்பாய். ஆனால் கூடப்பிறந்தவன் ஒரு வார்த்தை கேட்டான் என்று கீழ்ப்போர்ஷனைப் பூட்டிக்கொண்டு போவது என்ன நியாயம்?

மாடியில் என் கீரைப் பைகள் எல்லாம் இலை ஓரம் கருகி நிற்கின்றன. அங்கே நம் இருவரைத் தவிர யார் ஏறுகிறார்கள்? டேங்க் தண்ணீருக்குச் சண்டை போட்ட கையோடு செடி கருகினால் நான் யாரைச் சந்தேகிப்பது? அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டதுதான் உனக்குப் பொறுக்கவில்லை.

நான் விவசாயம் படித்தவன் இல்லை, பார்த்துக் கற்றவன். உப்புத்தண்ணீர் ஊற்றிய கருகல் எனக்குத் தெரியும்.

வெங்கிடேஸ்வரன்

*

திருப்பூணித்துறை
11 ஏப்ரல்

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

முன்பு மணலும் செம்மண்ணும் நிரப்பிய பைகளுக்கு மூன்று வேளை தண்ணீர் விட்டீர்கள். விட்டதெல்லாம் அடியில் ஒழுகி டேங்க் காலியாயிற்று. மேலே கீரை குளித்தது, கீழே நான் குளிக்கவில்லை. தேங்காய் நார்த்தூளில் போட்டால் ஈரம் நிற்கும், ஒரு வேளை போதும் என்று நான்தான் சொன்னேன். "கழுவாம போடாதேங்கோ அண்ணா, காயல் உப்புத்தண்ணில ஊறின தேங்காத் தொண்டாக்கும், உப்பு இருக்கும்" என்றும் சொன்னேன். "தண்ணி மிச்சம் பண்ண வாங்கினதைத் தண்ணி விட்டுக் கழுவறதா? நன்னாருக்குடி உன் புத்தி!" என்று சிரித்துவிட்டு அப்படியே பைகளில் நிரப்பினீர்கள்.

பிறகு அத்தனை பேர் முன்னால், "இவதான் உப்பு விட்டா" என்றீர்கள். பக்கத்து வீட்டு அம்மிணி தன் நாற்காலியை என்னிடமிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

கமலாக்ஷி

*

மட்டாஞ்சேரி
24 ஏப்ரல்

கமலாக்ஷிக்கு,

விஷுவுக்கு வருவாய் என்று கணி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது பொய் என்று காட்டத்தான் மிச்ச நார்த்தூளை டம்ளரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை நாக்கில் விட்டேன். உப்புக் கரித்தது. இன்னொரு மூட்டையிலிருந்து எடுத்தேன். அதுவும் கரித்தது. சாயம் போகும் வரை கழுவி, ஒரு பையில் விதை தூவினேன். முளை பச்சையாக நிற்கிறது. காலையில் விடும் தண்ணீர் மறுநாள் வரை காய்வதில்லை.

அம்மிணி, "தங்கை எங்கே சேட்டா?" என்று கேட்டாள். மகள் வீட்டில் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். போர்ஷன் பூட்டியே கிடக்கிறது. வந்துவிடு.

வெங்கிடேஸ்வரன்

*

திருப்பூணித்துறை
29 ஏப்ரல்

அண்ணாவுக்கு,

நாக்கு சொன்னதை நம்பினீர்கள், சந்தோஷம். எனக்கு எழுதியதை அசோசியேஷன்காரர்களிடமும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து உட்காருகிறேன். சொன்னால் வீட்டைத் திறக்கிறேன்.

கமலாக்ஷி

*

மட்டாஞ்சேரி
5 மே

கமலாக்ஷிக்கு,

செயலாளர் "வேற விஷயம் உண்டோ?" என்று கேட்டபோது எழுந்தேன். எல்லாரும் திரும்பினார்கள். தெருவிளக்கைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தேன். நீ எழுந்து போனதைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு, உப்பு நார்த்தூளில்தான் இருந்தது என்று அம்மிணியிடம் மட்டும் சொன்னேன். "அவ இருக்கறச்சே சொல்லியிருக்கலாமே சேட்டா" என்றாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். வண்டி அப்போதுதான் நகர்ந்தது. நீ ஜன்னலோரம் இருந்தாய், என்னைப் பார்த்தாய். கை காட்டியிருந்தால் கண்டக்டர் நிறுத்தியிருப்பான். கையைத் தூக்க எனக்கு முகமில்லை.

வெங்கிடேஸ்வரன்