அசல் ஊசிக்காரர்

ஜூன் 3
ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் பவித்ரா இன்றும் வந்தாள். ஒட்டன்சத்திரத்துப் பெண். டெங்குவுக்குப் புதிய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை ஒரு தனியார் மருத்துவமனை எங்கள் பேகம்பூரில் சோதிக்கிறது. பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்பது கடைசிவரை ஊசி போடுபவருக்கும் தெரியாது.

முன்பு டெங்கு வந்தவர், வராதவர் இருவருக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்யுமா என்று கேட்டேன்.

“அதெல்லாம் டாக்டர்தானுங்க மேடம் சொல்லோணும்.”

என் கணவர் ஹாதி சிரித்தார். “கல்யாணத்தன்னைக்கு இவ கேட்ட கேள்விக்கே நான் இன்னும் பதில் தேடிக்கிட்டிருக்கேன்மா.”

ஜூன் 9
படித்துப் பார்த்தேன். இந்த ஊசி மரபணுவைத் தொடாது. செல்லுக்கு ஒரு செய்தி கொடுத்துவிட்டுச் சில நாளில் சிதைந்துவிடும். அதில் சந்தேகமில்லை. சந்தேகம் டெங்குமேல்தான். அரைகுறை எதிர்ப்பு உள்ள உடம்பில் அது மூர்க்கமாக இறங்கும்.

அப்புறம், சோதித்துப் பார்க்க எங்கள் ஊர்த் தோல் மண்டிக் கூலிக்காரன் தோள்தான் கிடைத்ததா? ஆனால் நான் இதுவரை போட்டுக்கொண்ட ஊசிகளெல்லாம் யாரோ நீட்டிய தோளில் சரிபார்த்தவைதானே. அப்போது கேட்டேனா?

ஜூன் 14
போட்டுக்கொண்டோம். நான், ஹாதி, அவர் தங்கை ருக்சானா. ஏற்கெனவே டெங்கு வந்து போனவர்களை மட்டும் ரத்தம் பார்த்துச் சேர்க்கிறார்கள், அவர்களுடைய அரைகுறை எதிர்ப்பை ஊசி முழுதாக்கும் என்று டாக்டர் விளக்கினார். எங்களுக்கே தெரியாமல் மூவருக்கும் வந்து போயிருக்கிறது.

ஜூன் 15
அவருக்கு நல்ல காய்ச்சல். எனக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 18
அவருடைய தோல் மண்டியில் எல்லாரும் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். காய்ச்சல் வந்தவன் ‘அசல்’, வராதவன் ‘தண்ணி பார்ட்டி’. பங்காளி நைனா முகமது, “வாழ்நாள்ல ஒரு சொட்டுத் தொடாதவன், என்னையப் போயித் தண்ணி பார்ட்டிங்கிறானுங்க” என்று புலம்புகிறாராம்.

உப்புத்தண்ணீர் போட்டாலும் காய்ச்சல் வரும் என்றேன். பயத்தில் வரும், வேறு கிருமியில் வரும்.

“அம்புட்டுக் காய்ச்சல் சும்மாவா வந்துச்சு? ஒனக்கு வரலேங்கிற பொறாமைல பேசாத ஷமா.”

அக்டோபர் 21
மழை. குழாய்த் தண்ணீரை நம்ப முடியாமல் வீடெல்லாம் டிரம். மூடி வைப்பது நான் ஒருத்திதான். “எனக்கென்ன, அசல் ஊசி” என்று திறந்து போட்டுவிட்டுப் போகிறார்.

நவம்பர் 6
காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி என்கிறார். டெங்குதான் என்று கத்தினேன். ஊசி போட்டவனுக்கு எப்படி வரும் என்கிறார். பவித்ராவை வரச் சொன்னேன். ரத்தம் எடுக்க வந்தவளை வாசலோடு அனுப்பிவிட்டார்.

நவம்பர் 8
காய்ச்சல் விட்டுவிட்டது. “பாத்தியா புரொபசரம்மா?” என்றார். டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதானே ஆபத்து! ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவே கூப்பிட்டுவிட்டேன். அதே ஆட்டோவில் ஏறி மண்டிக்குப் போனார். என்ன மனுஷன் இவரு, சொன்னா கேக்கவே மாட்டாரா?

நவம்பர் 12
மண்டியில் மயங்கி விழுந்தவரை நைனா முகமதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். டெங்குவேதான். நேற்று அடக்கம் செய்துவிட்டார்கள்.

ஜனவரி 19
பவித்ராவின் போன். சோதனை முடிந்து, யாருக்கு எது என்று பிரித்துப் பார்த்துவிட்டார்களாம். “உங்களுக்குப் போட்டது அசலுங்க மேடம். சாருக்கும் ருக்சானா அக்காவுக்கும்... உப்புத்தண்ணிங்க.” ஊசி நன்றாக வேலை செய்கிறதாம். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. உப்புத்தண்ணீர் பக்கம் விழுந்தவர்களை எண்ணித்தான் தெரியும். அந்த எண்ணிக்கையில் அவரும் உண்டு.

யாரும் ஏமாற்றவில்லை. சொன்னபடிதான் நடந்தது. யாரைத் திட்டுவது?

ஜனவரி 22
உப்புத்தண்ணீர் போட்டவர்களுக்கு இப்போது தடுப்பூசியையே போடுகிறார்கள். கணவர் போனபின் இருக்க வேண்டிய இத்தா முடியும்வரை நான் வெளியே போகக் கூடாது என்பதால் ருக்சானாவே வந்தாள்.

“எங்கண்ணனக் கொன்ன ஊசி மதினி. நான் போட்டுக்கவா, வேணாமா?”

ஊசி கொல்லவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதை அவளிடம் சொல்லி என்ன?

“போய்ப் போட்டுக்க” என்றேன்.

ஜனவரி 23
காலையில் ருக்சானா போன் செய்தாள். காய்ச்சல் வரவே இல்லையாம்.

“அப்ப இதுவும் தண்ணிதானா மதினி?”