யோகாப் பாயும் கறிவேப்பிலையும்

மார்ச் 1, ஞாயிறு

என் மனுசன் இன்று கறிவேப்பிலையை மொட்டையடித்துவிட்டார். மகள் சிட்னிக்குப் போகுமுன் தொட்டியில் நட்டுத் தந்த கன்று. மெல்பேர்னில் குளிர் தொடங்கும் நேரம் வெட்டினால் செப்டெம்பர் வரை துளிர்க்காது. பட்டும் போகலாம்.

கேட்டால், யோகா வகுப்பில் கிடைத்த ஞானம்.

“இலையுதிர் காலமப்பா. மரங்களே இலையை விடுது. நீரும் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறதை விடும். எதிலயும் ஒரு பலன்ஸ் வேணும்.”

கறிவேப்பிலை தானாகவா உதிர்த்தது? கத்தரிக்கோல் இவர் கையில்தானே இருந்தது!

“ஓம், விடுறன்” என்றேன்.

தொட்டியை வீட்டுக்குள் தூக்கிவந்து ஹோலில் யன்னலோரம் வைத்தேன். அங்கே இவருடைய யோகாப் பாய் விரித்திருந்தது. இரண்டுக்கும் இடமில்லை. பாயை வெளியே விட்டுவிட்டேன்.

இப்போது நல்ல மழை. நான் எழும்பப் போவதில்லை.