வெள்ளிக்கு வெள்ளி எட்டு

செப். 22, திங்கள்

காலையிலிருந்து மூடாக்கு. தூறல் வருவதும் போவதுமாக ஏமாற்றுகிறது. துணி இன்னும் கொடியேறவில்லை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

இன்றைய வேலை:
1. ரிவ்யூக்களுக்குப் பதில். 11 பாக்கி.
2. கா.வுக்கு மாத ரிப்போர்ட்.
3. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க.
4. தேங்காய்.

கா. என்றால் கார்த்திக். சென்னையிலிருக்கும் முதலாளி. என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். அவன் விற்பது, வெப்சைட்டில் ஒட்டவைக்கிற காலண்டர். கல்யாண மண்டபம், பல் டாக்டர், யோகா கிளாஸ் எல்லாரும் வாங்கி அவரவர் சைட்டில் மாட்டிக்கொள்வார்கள். ஜனங்கள் அதில் தேதி பார்த்துப் பதிவு செய்வார்கள். அது ஓடாவிட்டால் எனக்குத் திட்டு. இது மாமியாருக்கு நான்கு வருஷமாகப் புரியவில்லை. "மருமக காலண்டர் கம்பெனில இருக்கா" என்று திருவிடைமருதூர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். மார்கழி பிறந்தால் போதும், தெருவே ஓசிக் காலண்டருக்கு வந்து நிற்கிறது.

இன்றைய ரிவ்யூக்கள்:
– அயர்லாந்து யோகா அம்மா: பிப்ரவரியில் நாள் குறைகிறது, சரிசெய்யவும். (பதில்: மன்னிக்கவும், இது எங்கள் கையில் இல்லை.)
– ஒரு மண்டபம்: ராகு காலத்திலும் புக்கிங் விழுகிறது. (நியாயமான புகார். கா.வுக்கு அனுப்பினேன். "ராகு யாரு மேம், கஸ்டமரா?" என்கிறான்.)
– கும்பகோணத்தில் இன்னொரு மண்டபம்: "சூப்பர் சாஃப்ட்வேர். நம்பர் ஒன்." கொடுத்தது 1★. ஒன்றாம் நம்பராம். ஐந்தாக மாற்றச் சொன்னால், "அஞ்சாவது இடமா? உங்களப் போயி அப்படி எறக்க மனசு வரலீங்க" என்கிறார்.
– நன்னிலம் பக்கம் ஓர் உழவர் குழு, செயலாளர் அமுதா. 1★. இவர் நிஜமான ஒன்று:

"கிழமை தெரியாத காலண்டர். ஆறு ஊருக்கும் பொதுவா ஒரு அறுவடை மெஷின். ஊருக்கு ஒரு கிழமைன்னு பேசி வச்சது. முதல் வாரம் சரியா வந்துச்சு. அப்பறம் தள்ளித் தள்ளி ஓடுது. வெள்ளிக்கிழமை ஊர்க்காரங்க கதிர வச்சிக்கிட்டு நிக்கிறாங்க, மெஷின் எங்க ஊர்ல நிக்கிது. நான் வளச்சிக்கிட்டேன்னு பேச்சு. வர்ற வெள்ளி கூட்டம் போட்டு என்னத் தூக்கப் போறாங்க. ஒரு ஸ்டாரே ஜாஸ்தி."

அவர் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். "எத்தனை நாளுக்கு ஒரு முறை?" என்ற கட்டத்தில் 8. எட்டு நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது. காலண்டர் சரி. அப்படியே மரியாதையாக எழுதிப்போட்டேன். வழக்கம்போல அடியில் "அன்புடன், சாம்".

சாம் நான்தான். ராஜேஸ்வரி என்று போட்டால் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாயில் நுழையாது என்று சேர்ந்த அன்றே கா. வைத்த பெயர்.

மாலை கா. போன். ரிவ்யூக்களின் ஸ்டார் சராசரி 3.9. இந்த மாதக் கடைசிக்குள் 4 வரவில்லை என்றால் பதில் சொல்லும் வேலை மொத்தமும் 'பாட்' என்கிற தானாகப் பதில் போடும் சாஃப்ட்வேருக்குப் போகும். நாளை முதல் வெள்ளி வரை அதற்கு டிரையல். அதுவரை கஸ்டமர்கள் எழுதிப்போடும் புகாரை, எங்கள் பாஷையில் டிக்கெட்டை, நான் பார்க்கலாம், தொடக் கூடாது. "நீங்க ரெஸ்ட் எடுங்க மேம்." நாற்பத்து மூன்று வயதுக்காரிக்கு ரெஸ்ட் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இந்த வேலை போனால் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னொன்று கிடைக்காது. பயமாக இருக்கிறது. தேங்காய் மறந்துவிட்டது.

செப். 23, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. அது ஒன்றுதான் நல்ல செய்தி.

பாட் வேலையைத் தொடங்கிவிட்டது. நன்னிலம் அமுதா நேற்றைய என் பதிலுக்கு எழுதியிருந்தார்: "சாம் தம்பி, எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் நானும் கேட்டேன். அது ஏன் வரல?"

பாட்: "உங்கள் பொறுமைக்கு நன்றி! உங்கள் நிகழ்வு எதிர்பார்த்தபடி இயங்குகிறது. இனிய நாளாக அமையட்டும்!"

அமுதா: "யாரு எதிர்பாத்தது?"

பாட்: "உங்கள் பொறுமைக்கு நன்றி!"

இப்படியே பதினேழு தடவை. பதினேழாவதில் அமுதா, "தம்பி ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று கேட்டிருக்கிறார். திட்டுகிறவள் நலம் விசாரிக்கிறாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயில் துணி அடைத்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாக்கெட் கொடுத்தாயிற்று. டெய்லர் துணியை மடித்துக்கொண்டே, "எட்டு நாள்ல வாங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன். இப்போது மறந்துபோகாமலிருக்க எழுதுகிறேன்: ஜாக்கெட், அடுத்த செவ்வாய்.

அடுத்த செவ்வாய்.

இன்று செவ்வாய். அவர் சொன்னது எட்டு. நான் எழுதியது ஏழு நாள் கழித்து வருகிற கிழமை. டெய்லரும் தப்பாகச் சொல்லவில்லை, நானும் தப்பாகக் கேட்கவில்லை. செவ்வாய்க்குச் செவ்வாய் எட்டுதானே! இன்றையும் சேர்த்துத்தானே நம் ஆட்கள் எண்ணுவார்கள்!

அமுதா கேட்டது வாராவாரம்!

இதில் பெரிய வெட்கம்: அந்தக் கட்டத்துக்குத் தமிழ் எழுதியதே நான்தான். தமிழ்ப் பதிப்பு வந்தபோது ஒரே மதியத்தில் அத்தனையும் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு, கா. "வாவ் மேம்" என்றதும் பூரித்துப்போனேன். "வாராவாரம்" என்ற பொத்தானும் உண்டு. "மேலும்" என்பதைத் தட்டி, கீழே போய், அங்கேயும் கடைசியில். அங்கே யார் போவார்கள்? நானே போனதில்லை.

செப். 24, புதன்

எதிர் வீட்டில் கொலு. சுண்டலில் கல் இருந்தது, சொல்லவில்லை.

டிக்கெட்டைத் தொடக் கூடாது. கா.வுக்கு எழுதினேன், "டிரையல் முடியட்டும் மேம்" என்றான். கஸ்டமருக்குச் சொந்த போனில் பேசுவது கம்பெனி விதிப்படி குற்றம். குழுவின் வெப்சைட்டிலேயே அமுதாவின் நம்பர் இருக்கிறது. 11 மணிக்குக் கூப்பிட்டேன்.

"வணக்கங்க. காலண்டர் கம்பெனிலேர்ந்து பேசுறேன். உங்க செட்டிங்ல ஒரு நம்பர் மாத்தணும்…"

"ஓ. அடுத்து ஓடிபி கேப்பீங்க."

"இல்லீங்க, நான் சாம்…"

"சாம் ஆம்பளப் புள்ள. நீ யாரு? எங்கேர்ந்தும்மா இப்படிக் கெளம்பி வர்றீங்க? வேற பொழப்பு இல்ல?"

கட். மறுபடி கூப்பிட்டேன், பிளாக்.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "விட்டுத்தள்ளு ராஜி. ஏழா எட்டான்னு அவங்களே பாத்துப்பாங்க" என்றார். பார்க்க மாட்டார்கள். எட்டு சரி என்று எல்லாருக்கும் தெரியும்போது யார் போய்ப் பார்ப்பது? வெள்ளிக்கிழமை அவரைத் தூக்கிவிடுவார்கள். என் மொழிபெயர்ப்புப் பிழைக்கு அவர் தலை.

செப். 25, வியாழன்

கா.வுக்கு மெசேஜ்: நாளைக்கு லீவு, வயிற்று வலி. பொய்யும் இல்லை. இதை அனுப்பியதிலிருந்து வயிறு கலக்குகிறது.

செப். 26, வெள்ளி

உட்கார்ந்து ஒழுங்காக எழுத வேண்டும். கால் வலி.

கும்பகோணம் போய் நன்னிலம் பஸ். சன்னல் சீட். வழியெல்லாம் குறுவை நெல் பழுத்துத் தலை சாய்ந்து நிற்கிறது. கிழக்கே கறுப்பாக மேகம். இரண்டு நாள் அடித்துப் பெய்தால் அத்தனையும் சேற்றில் படுத்துவிடும். பஸ்ஸில் வந்த ஒருவர் போனில்: "மெஷின் எங்கடா? எவன் ஊர்லடா நிக்கிது?" எனக்கு யாரோ பின்மண்டையில் தட்டியது போலிருந்தது.

நன்னிலத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. கூட்டம் நடந்தது குழுவின் உரக் கிடங்கில். முப்பது பேர் இருக்கும். ரோட்டோரம் மெஷின் சும்மா நிற்கிறது. டிரைவர் அதன் நிழலில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அமுதா நின்றுகொண்டிருந்தார், மற்ற எல்லாரும் மூட்டைகள் மேல். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பச்சைச் சேலை, கையில் போன், கண் சிவந்திருந்தது. துண்டு போட்ட ஒரு பெரியவர், வெள்ளிக்கிழமை ஊர்க்காரர், பேசிக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. எங்க கெழமையில மெஷின் உங்க ஊர்ல எறங்குது. கேட்டா போன் சொல்லுதுங்கிற. போன்ல போட்டது யாரு?"

"நாந்தாங்க போட்டேன். சரியாத்தான் போட்டேன்."

வாசலில் நின்றபடி, "அவங்க சரியாத்தான் போட்டாங்க" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"நீங்க யாரு?"

"சாம்."

அமுதா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாம் தம்பியா?"

"கம்பெனி வச்ச பேருங்க. என் பேரு ராஜேஸ்வரி. திருவிடைமருதூர். புதன்கிழமை போன் பண்ணதும் நான்தான்."

"அய்யய்யோ. ஓடிபிக்காரின்னு நெனச்சி பிளாக் பண்ணிட்டேனே! அப்ப இத்தன நாளா திட்டுனது உங்களையா?"

"ஆமாங்க."

"தெரிஞ்சிருந்தா கொஞ்சம் கொறச்சித் திட்டியிருப்பேங்க்கா."

கிடங்கே சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரிடமே போய்க் கேட்டேன். "அய்யா, இன்னிக்கு வெள்ளி. அடுத்த வெள்ளிக்கு எத்தன நாள்? எண்ணிச் சொல்லுங்க."

விரலை விட்டார். "வெள்ளி ஒண்ணு, சனி ரெண்டு…" புதனுக்குள் கிடங்கு முழுக்கச் சேர்ந்துகொண்டது. "…வியாழன் ஏழு, வெள்ளி எட்டு!"

"அதத்தான் அவங்க போட்டாங்க. ஆனா போன் முதல் வெள்ளிய எண்ணாதுங்க. ஏழுன்னு போட்டாத்தான் வெள்ளி வரும். எட்டுன்னு போட்டா சனிக்குப் போயிடும். வாரம் ஒரு நாள் தள்ளிக்கிட்டே போகும்."

எல்லாரும் மனதுக்குள் எண்ணுகிறார்கள் என்று தெரிந்தது.

"அதான பாத்தேன்!" என்று வெளியிலிருந்து டிரைவர். "போன ஞாயித்துக்கெழம வேற வேலன்னு காட்டுச்சு. நான் போகல."

அமுதாவுக்குத் திருப்தியில்லை. "அது எப்படிக்கா? மொத வெள்ளி என்ன பாவம் பண்ணுச்சு, அத மட்டும் எண்ணாம விட?"

போன் அப்படித்தான் எண்ணும் என்றேன்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றேன். "அந்தக் கட்டத்துக்குத் தமிழ் எழுதினது நான்தாங்க. நீங்க இப்படித்தான் எண்ணுவீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தப்பு அவங்க மேல இல்ல, என் மேல."

பெரியவர் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். "நான் போட்டிருந்தாலும் எட்டுதாம்மா போட்டிருப்பேன்" என்றார். அமுதாவைப் பார்க்காமல் மூட்டையைப் பார்த்து, "உக்காரும்மா செக்ரட்டரி, எவ்வளவு நேரம் நிப்ப" என்றார்.

அமுதா உட்கார்ந்தார். உட்கார்ந்து முந்தானையில் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஆறு ஊருக்கும் எட்டை ஏழாக மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விரலை வைத்தார். கிழமைகள் எல்லாம் அதனதன் இடத்தில் போய் விழுந்தன. டிரைவர் அப்போதே மெஷினைக் கிளப்பி வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனார்.

எனக்கு இரண்டு டீ, ஒரு பை முருங்கைக்காய். நல்ல காய். சந்தோஷமாக இருந்தது. நான்கு வருஷத்தில் ஒரு கஸ்டமரின் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். அதை இப்போது எழுதும்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

செப். 27, சனி

முருங்கைக்காய் சாம்பார். நன்னிலம் பக்கம் நேற்று மாலைக்குள் பாதி அறுத்துவிட்டார்களாம். அமுதா வாட்ஸப்பில் படம் அனுப்பினார்.

கூடவே ரிவ்யூவையும் மாற்றிவிட்டார். 5★. படித்தேன். தலையில் கை வைத்துவிட்டேன்.

"காலண்டர் சுமார். ஆனா சாம் தம்பி தங்கம். தம்பி இல்ல, அக்கா. திருவிடைமருதூர்லேர்ந்து பஸ் ஏறி நேர்லயே வந்து சரி பண்ணிக் குடுத்தாங்க. உங்களுக்கும் காலண்டர் ஓடலன்னா எழுதிப் போடுங்க, வருவாங்க."

சராசரி 4.0. இன்னொரு விஷயம்: நார்வேயிலிருந்து ஒரு பல் டாக்டர் இதை மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, சாம் எங்கள் பக்கம் எப்போது வருவார் என்று டிக்கெட் போட்டிருக்கிறார்.

செப். 29, திங்கள்

9.05க்குக் கா. போன். எட்டரையிலிருந்தே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மேம், வெள்ளிக்கிழம வயித்து வலின்னு லீவு போட்டீங்க."

"ஆமா கார்த்திக்."

"நன்னிலத்துலயா வலிச்சுது?"

அவன் பக்கத்தில் மிக்ஸி ஓடுகிற சத்தம்.

"தமிழ்ப் பதிப்பு முழுக்கத் தேடிப் பாத்தேன் மேம். நிறைய பேரு எட்டு போட்டிருக்காங்க. டான்ஸ் கிளாஸ், கிளினிக், ஒரு கோயில் கூட. டிரையல்ல அவங்கள்ல நாலு பேரு கேட்டிருக்காங்க. நாலு பேருக்கும் பாட் 'எதிர்பார்த்தபடி இயங்குகிறது'ன்னு சொல்லிருக்கு."

"அது அப்படித்தான் சொல்லும்."

"பாட்ட நிறுத்திட்டேன். டிக்கெட்ட இனி நீங்களே பாருங்க. 'வாராவாரம்' பொத்தான மேல கொண்டு வர்றோம். எல்லாத்துக்கும் தமிழ திரும்ப ஒரு தடவ எழுதிக் குடுங்க, இந்தத் தடவ ஒரே மதியத்துல வேணாம். அப்பறம் மேம், சாம் இனிமே முடியாது. ரிவ்யூலயே போட்டு ஒடச்சிட்டாங்க. உங்க பேர்லயே பதில் போடுங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார், "நான் நறுக்குறேன், ஒனக்கு ஏன் கண்ணு எரியுது?" என்றார்.

செப். 30, செவ்வாய்

நல்ல மழை. ஜாக்கெட் இன்னும் ஆகவில்லையாம். பட்டன் வாங்கப் போனவர் திரும்பவில்லையாம்.

ஒன்பது பதில்கள் போட்டேன். முதல் மூன்றில் கை தானாக "அன்புடன், சாம்" என்று அடித்தது. அழித்து அழித்து எழுதினேன். ராஜேஸ்வரி. சாமைவிட இரண்டு மடங்கு பொத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. அயர்லாந்து யோகா அம்மா, "நன்றி, ஆனால் சாமிடம் பேச முடியுமா? அவருக்குத்தான் பிப்ரவரி விஷயம் தெரியும்" என்கிறார்.

4.40க்குப் புது டிக்கெட். நன்னிலம்.

"ராஜி அக்காவுக்கு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ குழுக் கூட்டம் போடணும். கட்டத்துல எவ்வளவு போடறது? பதினாலுன்னு தெரியும். போட்டுட்டேன். சரியாவும் வந்துருச்சு. சும்மாத்தான் கேட்டேன்."

பதில் போட்டுவிட்டேன். முடிந்தது என்று டிக்கெட்டை மூடவில்லை, அமுதா மறுபடி எழுதட்டும்.