கழலாத மெட்டி

அன்புள்ள எழிலுக்கு,

பட்டாபிராமில் நான் நன்றாக இருக்கிறேன். அத்தைக்கு இருமல் குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நம் கல்யாணத்தில் நான் போட்டுவிட்ட மெட்டி மூன்றாம் நாளே கழன்று தொலைந்ததை உன் அண்ணன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாரே, இனி அவர் சிரிக்க முடியாது. இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் பக்கத்தில் பாடியில் ஒரு வகுப்பில் வெள்ளி வேலை கற்றுக்கொள்கிறேன். இன்று உனக்கு என் கையாலேயே மெட்டி செய்துவிட்டேன்!

முதல் ஜோடி வீண்தான். கழலவே கூடாது என்று, கம்பெனியில் லேத் வேலைக்கு அளப்பதுபோல வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, கம்பியை வளைத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்தேன். சொல்லித்தரும் சபீனா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இன்னா அண்ணாத்தே, மெட்டின்னா அடியில தொறந்து இருக்கணும். இப்படி மூடிட்டா உங்க ஊட்டுக்காரம்மா வெரல்ல எப்படி ஏறும்?”

வகுப்பே சிரித்தது. பற்றவைத்தபோது விரலில் லேசாகச் சூடுபட்டது, வேறொன்றுமில்லை. இரண்டாவது ஜோடியை அதே சபீனா திருப்பித் திருப்பிப் பார்த்து, “கடையில வாங்குன மாதிரியே கீது” என்றாள்.

மூடிய மெட்டியில் ஒன்றை என் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தேன். சோப்பு போட்டும் வரவில்லை. இருக்கட்டும், அறையில் பேச்சுத்துணைக்கு அதுதான்.

நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. ராத்திரி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

மெட்டியை மட்டும் கூரியரில் அனுப்பச் சொல்லாதே. பொங்கலுக்கு வந்து, உன் அண்ணன் பார்க்க, குனிந்து நானே போட்டுவிடுவேன்.

உன்,
கதிரேசன்