கவ்வாத்து வெட்டிய சைப்பிரஸ்

நண்பருக்கு,

இன்று காலை தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர், எங்கள் வாசலில் நிற்கும் உங்கள் சைப்பிரஸ் மரச் சாடியை உரசிக்கொண்டு போனார். விடியும்வரை மழை பெய்திருந்தது. நசுங்கிய இலையிலிருந்து பிசினும் பச்சைக் கரட் கிழங்கும் கலந்தாற்போன்ற அந்த வாசம் கிளம்பியது. இலக்கத்தைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தவர் மரத்தையே பார்த்தார். இடுப்புயரம், முட்டை வடிவம், பொன் மஞ்சள் இலை; ஒரு பக்கத்தில் மட்டும் பொத்தல் விழுந்து, உள்ளேயிருக்கும் காய்ந்த குச்சிகள் தெரிகின்றன. என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். நோய் வந்தது என்று சொன்னேன்.

கேட்பவர்களுக்கெல்லாம் இதையேதான் சொல்லி வருகிறேன். ஆனால் இன்று அவர் போனபிறகு கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுத்தில் வையும் என்று நாம் வேலை செய்த கந்தோரில் நீங்கள் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காகக் கண்டிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். நான் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, நாலெழுத்துப் படித்து டவுனுக்கு இறங்கியவன். ஒரே கந்தோரில் அடுத்தடுத்த மேசை. பிறகு அம்பிட்டியப் பாதையில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு குட்டை மதில். நீங்கள் என்னை 'நீர்' என்பீர்கள், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'காணும்' போடுவீர்கள். நான் கடைசிவரை 'நீங்க' என்றே சொன்னேன். முப்பது வருஷத்தில் அது இரண்டு பேருக்கும் உறுத்தியதில்லை.

பென்ஷன் எடுத்த மாதம் பேராதனைப் பாதையோரப் பூக்கன்றுக் கடையிலிருந்து அந்தச் சாடியை முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். முழங்கால் உயரம்கூட இல்லை. பூக்காத, காய்க்காத, நிழலும் தராத செடிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் கிண்டல் செய்தேன். நீங்கள் கோபிக்கவில்லை.

"இஞ்ச மழை துவங்கினா சூரியனைக் காண ஏலாது காணும். இது நிண்டா வளவுக்கை கொஞ்சம் வெயில் நிக்கிற மாதிரி இருக்கும்," என்றீர்கள்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருஷம் இந்த மலையில் இருந்தும் உங்கள் உடம்பு இன்னும் வடக்கின் வெயிலைத் தேடிக்கொண்டிருந்தது. எனக்கு மழையும் பனியும் பிறந்த வீடு; உங்களுக்கு அது சகித்துக்கொள்ள வேண்டிய விருந்தாளி.

அந்த மரத்துக்கு நீங்கள் செய்த பணிவிடையை ஊரே பார்த்துச் சிரித்தது. வேர் அழுகிவிடும் என்று மண்ணில் பாதிக்கு மணலும் உடைத்த செங்கல்லும் கலந்தீர்கள். சாடியைக் கல்மேல் தூக்கி வைத்தீர்கள். வெயில் படாத பக்கம் பச்சையாகிவிடும் என்று, ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் கால்வட்டம் திருப்பி வைத்தீர்கள். வருஷத்துக்கு மூன்று விரற்கடைதான் வளர்ந்தது. ஆனால் தட்டையான இலைக் கொத்துகள் அடுக்கடுக்காக நிமிர்ந்து, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மஞ்சளாக நின்றபோது, நானும் கிண்டலை நிறுத்திவிட்டேன்.

பிறகு மகளைப் பார்க்க மூன்று மாதம் கனடாவுக்குப் புறப்பட்டீர்கள். வீட்டுத் திறப்புக் கொத்தை என் கையில் தந்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை கால்வட்டம், வேறொன்றும் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னீர்கள். வேறொன்றும் வேண்டாம் என்பதை நான் கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் போன ஆறாவது வாரம், சாடியைத் திருப்பும்போது இலையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே முழுவதும் மண்ணிறம். கை வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. நண்பருடைய மரம் என் பொறுப்பில் சாகிறது என்றே நினைத்தேன். அடுத்து என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை, என் கைக்குத் தெரிந்திருந்தது. என் அப்பா கவ்வாத்து வெட்டுவதில் தோட்டத்தில் பேர் போனவர். நானும் கந்தோர் வேலை கிடைக்கும்வரை இரண்டு வருஷம் அவரோடு மலையில் நின்றவன். தேயிலை முற்றிப்போனால் இலை, வாது, கிளை எல்லாவற்றையும் கழித்து, செத்த செடிபோல் வெறும் தண்டாக விடுவோம்; அதுதான் கவ்வாத்து. இரண்டு மூன்று மாதத்தில் புதுக் கொழுந்து தள்ளும். வெட்டினால் தளிர்க்கும் என்பதைச் சோற்றோடு சேர்த்துத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

அப்பாவின் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு வந்து, ஒரு பக்கத்தைக் கட்டைவரை வெட்டினேன். வெட்டு சுத்தமாக விழுந்தது. பெருமையாகக்கூட இருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் மற்றப் பக்கத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு விட்டேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் மழை. அந்த மழையால்தான் மீதி மரம் பிழைத்தது.

நீங்கள் வந்திறங்கிய நாளில் ஒரு துளிர்கூட வந்திருக்கவில்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, வீட்டைத் திறக்காமல் நேரே மரத்திடம் போனீர்கள். நான் சிரித்துக்கொண்டே வந்து, "கவ்வாத்து பண்ணியிருக்கேங்க. இன்னும் கொஞ்சம் பொறுங்க, தளதளன்னு வரும் பாருங்க," என்றேன். நீங்கள் வெட்டிய கட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்கள்.

"இது வராது. பழைய தடியிலை இது துளிர்க்கிற சாதி இல்லை," என்றீர்கள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "உங்கட தோட்டக்காட்டுப் புத்தியை இதிலையும் காட்டிப்போட்டீர்."

தோட்டத்து ஆட்களை இழித்துச் சொல்லும் அந்தச் சொல்லை பஸ்ஸிலும் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டுக் கேட்டு எங்கள் தோல் தடித்துப்போயிருந்தது. ஆனால் அதை உங்கள் வாயிலிருந்து கேட்கும் நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. திறப்பை மதில்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏழு மாதம் நாம் பேசவில்லை. எனக்கு வலித்தது, அது உண்மை. ஆனால் அந்த வலிக்கு அடியில் ஒரு சௌகரியமும் இருந்ததை என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "அவரு சொன்னது தப்புதான். ஆனா நீங்க வெட்டுனதும் தப்புதானே. போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க," என்று எத்தனையோ தடவை சொன்னாள். அவர் முதலில் வரட்டும் என்றேன். நீங்கள் சொன்ன சொல் பெரிதாக இருந்தது. அதற்குப் பின்னால் என் தவறை வசதியாக மறைத்து வைத்துக்கொள்ள முடிந்தது.

நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். ஒரு காலைநேரம் கத்தரியோடு மதிலடியில் நின்று, "ரோசா எல்லாம் கண்டபடி வளந்துபோச்சு. கவ்வாத்து வெட்ட வேணும். வந்து வெட்டித் தாறீரோ?" என்றீர்கள். என்னை நம்பி மறுபடியும் ஒரு வெட்டும் ஆயுதத்தைக் கையில் கொடுத்தீர்கள். நான் மூன்றாவது செடியில் குனிந்திருக்கும்போது பேசினீர்கள்.

"அண்டைக்கு அந்தச் சொல்லு என்ர வாயிலை வந்திருக்கக் கூடாது. உம்மட அப்பாவையும் சேத்தெல்லோ சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

"விடுங்க, பழைய கதை," என்றேன்.

"சைப்பிரஸ் உள்ளுக்கை எப்பவும் காஞ்சுதான் கிடக்கும். அதை உமக்குச் சொல்லாமல் போனதும் என்ர பிழை."

அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த இடத்தில் என் பிழையையும் நான் சொல்லியிருக்க வேண்டும். ரோஜா முள் குத்தியதுபோல் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்களும் எதையும் எதிர்பார்த்தவர்போல் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடி ஆனது. ஐந்து வருஷம் மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று பேசினோம், பத்திரிகை மாற்றிக்கொண்டோம், ஒருவரையொருவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மரத்தை நீங்கள் திருப்புவதை விட்டுவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரிந்தது. முதுகு வலியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் நீங்கள் போய்ச் சேர்ந்து, உங்கள் காரியங்கள் முடிந்தபின், வீட்டை ஒழுங்குபடுத்தக் கனடாவிலிருந்து வந்த உங்கள் மகள் என்னைக் கூப்பிட்டாள். முன்னறையில் நீங்கள் காலையில் உட்காரும் கதிரையில் சற்று அமர்ந்தேன். யன்னலுக்கு நேரே மரம். அங்கிருந்து பார்த்தபோது வெட்டுப்பட்ட பக்கம் மட்டும்தான் தெரிந்தது, அந்தக் குச்சிகளும் பொத்தலும். மஞ்சள் பக்கம் முழுவதும் என் வீட்டைப் பார்த்து நின்றது. ஏன் அப்பா சாடியைத் திருப்பாமல் விட்டார் என்று மகளிடம் கேட்டேன்.

"திருப்பினா அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியுமாம் அங்கிள். நீங்கள் காலமை வெளியிலை வரேக்கை அதைப் பாத்தா மனம் நோகும் எண்டு சொல்லுவார்," என்றாள்.

வெயிலுக்காக வாங்கிய மரத்தில் வெயில் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து வருஷம் தேநீர் குடித்திருக்கிறீர்கள். அந்தக் கதிரையிலிருந்து எழும்ப எனக்கு நேரம் பிடித்தது. அழுதேன், மறைக்கவில்லை.

மரத்தை மகள் எனக்கே தந்துவிட்டாள். வெட்டிய பக்கத்தை என் வாசலைப் பார்க்க வைத்திருக்கிறேன். வெறுங் கட்டைகளில் இன்றுவரை ஒரு துளிர் இல்லை, இனியும் வராது. இரு பக்கத்துக் கொத்துகளும் சாய்ந்து பொத்தலின் ஓரத்தைக் கொஞ்சம் மூடியிருக்கின்றன, அவ்வளவுதான். மண் காய்ந்தால் தண்ணீர் விடுகிறேன். வேறொன்றும் செய்வதில்லை.

அடுத்த மாதமும் அந்த மீட்டர்காரர் வருவார். கேட்டால் உண்மையைச் சொல்லலாம், அது பெரிய வேலையில்லை. உங்களிடம் சொல்லாததுதான் என்னிடம் மிச்சமாக இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். மரத்தை வெட்டியது என் பிழை. உங்கள் சொல்லைச் சாட்டாக வைத்து அதிலிருந்து தப்பிக்கொண்டது அதைவிடப் பெரிய பிழை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று வரிகளுக்கு எனக்கு ஆறு வருஷமும் உங்கள் சாவும் தேவைப்பட்டன.