உங்கள் உடம்புக்கு அண்ணன் சொன்ன சம்மதம்

மதினி,

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அந்த டாக்டரின் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கிறார்கள். பசை காயவில்லை. அந்தப் புளித்த வாடை வீட்டுக்கு வந்த பிறகும் மூக்கில் நிற்கிறது. படத்தில் கழுத்தில் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரிக்கிறார். ஏழைகளின் இதயத்தில் வாழ்கிறாராம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வரியாகப் படித்து முடிப்பதற்குள் திருச்சுழி பஸ் கிளம்பிப் போய்விட்டது. போகட்டும் என்று நின்றேன். கும்பிடத் தோன்றவில்லை, வையவும் தோன்றவில்லை. இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நீங்களும் இல்லாததால், படிக்கிற மாதிரியே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

அவர் கை நல்ல கை. அதை அன்றைக்கும் நான் மறுக்கவில்லை. உங்கள் வயிற்றில் இருந்த தழும்பு மெல்லிய கோடு மாதிரிதான் இருந்தது. சீழ் வைக்கவில்லை, காய்ச்சல் வரவில்லை. என் கோபம் அவர் கை மேல் இல்லை.

எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் வந்தபோது நான் பாவாடை கட்டிய பிள்ளை. நான் பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டதால் நம் இரண்டு பேருக்கும் பிரிவு என்பதே இல்லை. உங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள், அதோடு நின்றுவிட்டது. எங்கள் ஆத்தா அதைச் சொல்லிச் சொல்லியே உங்களைக் கரைத்தாள். மல்லி விளைந்தாலும் உங்களைத்தான் சாடை பேசுவாள், விளையாவிட்டாலும் உங்களைத்தான். பிறகு அடிவயிற்றில் வலி வந்தது. அருப்புக்கோட்டையில் அவர் வைத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். சினைப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட்டால் வலியும் போகும், பிள்ளை நிற்கவும் வழி உண்டு என்று சொன்னார். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பீர்கள். பிள்ளை என்று சொன்னதால்தான் ஆபரேசனுக்குச் சரி என்றீர்கள்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று போனால் கூட வந்த ஆம்பிளையிடம்தான் பேசுவார்கள். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள், அவளைத் தாண்டிப் பேச்சு போகும். ஆம்பிளை இல்லாவிட்டால் வாசலில் நிற்கிற ஆட்டோக்காரரையாவது கூப்பிட்டுச் சொல்வார்கள். நாமும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவுக பேசட்டும் என்று இருந்துவிடுவோம்.

அன்றைக்கும் அப்படித்தான். நான் வெந்நீர் பிளாஸ்க்கோடு நடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஆபரேசன் நடந்துகொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்து அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார். நர்ஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். என்னவென்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, நீ பேசாம இரு” என்றார். அந்தத் தலையாட்டல் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மாடு விலை படிந்தபோதுகூட அண்ணன் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டினதில்லை.

வீட்டுக்கு வந்தீர்கள், தேறினீர்கள், களை எடுக்கவும் வந்துவிட்டீர்கள். ஒரு நாள் மிளகாய்க் காட்டில் என் காதோரம் வந்து, “ஏத்தா, தூரமாகல” என்றீர்கள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நானும் அதை நம்பினேன். புளிப்பாக எதைக் கண்டாலும் உங்களுக்கென்று எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு எண்ணெய் கொண்டுபோனீர்கள். அதை ஆத்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அண்ணன் சொல்லியிருந்தார். பார்த்துக்கொண்டே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். செத்துப் போனவளைப் பற்றிப் பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுவேன். என்னைப் பெற்றவள் என்பதற்காக அந்த வாய்மூடலை மன்னிக்க மாட்டேன்.

ஸ்கேன் பார்க்க உங்களைக் கூட்டிப்போனது நான்தான். வயிற்றில் பசையைத் தடவி, கருவியை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருந்த அந்தப் பொண்ணு, கண்ணை எடுக்காமல், “கர்ப்பப்பைய எப்பம்மா எடுத்தீங்க?” என்று கேட்டாள். வேறு யாரையோ கேட்கிறாள் என்று நினைத்து நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

நேரே டாக்டரிடம் போனோம். அவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உள்ளே திறந்து பார்த்தபோது கர்ப்பப்பையிலும் நிறையக் கட்டிகள் இருந்தன, எப்படியும் பின்னால் எடுக்கத்தான் வேண்டும், இன்னொரு தடவை வயிற்றைக் கிழிக்க வேண்டாமே என்று சேர்த்து எடுத்துவிட்டேன் என்றார். “வீட்டுக்காரர்ட்ட கேட்டுத்தானம்மா செஞ்சேன். அவரு சொல்லலையா?” என்றும் கேட்டார். வீட்டுக்கு வந்து அண்ணனைக் கேட்டால், “டாக்டரு சொல்லியிருப்பாகன்னு நெனச்சேன்” என்கிறார். பிறகு நீங்கள் கோயிலுக்கு எண்ணெய் கொண்டுபோனபோது எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டாராம். அன்றைக்கு அண்ணனோடு பேச்சை நிறுத்தினேன். என் வீட்டுக்கு வந்தால் சோற்றை வைப்பேன், குழம்பை ஊற்றுவேன், போதுமா என்று கேட்க மாட்டேன்.

வக்கீலிடம் போகலாம் என்று நான் சொன்னதாக ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அது பொய். நீங்கள்தான் சொன்னீர்கள். கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருந்த அந்த வக்கீல் சின்ன வயது, பேச்சுக்கு நடுவே தும்மிக்கொண்டே இருப்பார். அந்த டாக்டர் கொலைகாரர் என்று நான் ஆரம்பித்தேன். வக்கீல் கையைக் காட்டி நிறுத்தினார். ஆபரேசன் செய்து நினைத்தது நடக்காவிட்டால் அதற்காகவே டாக்டர் மேல் குற்றம் வந்துவிடாது என்றார். அந்த இடத்தில் தொழில் தெரிந்த இன்னொரு டாக்டர் என்ன செய்திருப்பாரோ, அதில் குறைந்திருந்தால்தான் கவனக்குறைவு. இவருக்குக் கை தவறவில்லை. ஆனால் கட்டியை எடுக்கத்தான் நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள், கர்ப்பப்பையை எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றுக்குச் சொன்ன சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது.

புருசன் கையெழுத்து இருக்கிறதே என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக் கேட்டார்.

“ஒங்க பேர்ல உள்ள நெலத்த ஒங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வித்தாச் செல்லுமாம்மா?”

“செல்லாதுங்க.”

“அப்ப ஒடம்பு?”

உயிருக்கு ஆபத்து, கேட்க நேரமில்லை என்றால் டாக்டர் யாரையும் கேட்காமல் செய்யலாம், சட்டம் அவரைக் காப்பாற்றும் என்று சொன்னார். உங்கள் விஷயத்தில் அப்படி எந்த ஆபத்தும் இல்லை. கட்டியை மட்டும் எடுத்துத் தைத்துவிட்டு, நீங்கள் தேறின பிறகு உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். அப்போது நீங்கள் வேண்டும் என்றும் சொல்லியிருக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்கிற உரிமை உங்களுடையது, அதைத்தான் டாக்டர் பறித்துவிட்டார் என்றார். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு என்னென்ன செய்தார்கள் என்று எழுதி வைத்த கேஸ் ஷீட்டின் நகலை நாம் கேட்டால் தந்தாக வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். அதுவரை அது அவர்கள் சொத்து என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கடைசியில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நட்ட ஈடு தந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றீர்கள். அதற்கப்புறம் சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை. “எங்கிட்ட கேக்கலன்னு அவுக வாயால சொல்லணும். பிள்ளையத் திருப்பித் தர முடியாது. இதச் சொல்லலாம்ல.”

கேஸ் போட்ட பிறகு வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. அந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஆப்பிளோடு வந்தார். பஜாரில் பெரிய கடை வைத்திருந்த ஒருத்தர், நல்ல டாக்டரை ஊரை விட்டு விரட்டாதீர்கள் என்று புத்தி சொல்ல வந்தார். அவர் பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தபோதும் நான் போகவில்லை. ஆத்தா, கோர்ட்டில் போய் வயிற்றைத் திறந்து காட்டப்போகிறாயா என்று உங்களைக் கேட்டாள். எல்லோரும் கடைசியில் வந்து நின்ற இடம் அண்ணன்தான். அவளுக்கு முன்னாலேயே தெரியும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் முடிந்துவிடும். சொல்லாவிட்டால், பெண்டாட்டியிடம் மறைத்தவன் என்று ஊர் முன்னால் நிற்க வேண்டும். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று கூடப் பிறந்த எனக்கே தெரியவில்லை.

கோர்ட்டுக்குக் கிளம்புகிற காலையில் அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: “எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாம். நடந்தத மட்டும் சொல்லுங்க.”

நுகர்வோர் கோர்ட்டில் பெரும்பாலும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். அன்றைக்கு நம்மையும் டாக்டரையும் நேரில் கூப்பிட்டுக் கேட்டார்கள். டாக்டருடைய வக்கீல் கெட்டிக்காரர். மயக்கத்தில் கிடந்த ஆளிடம் எப்படிக் கேட்க முடியும், அதனால்தான் கணவரிடம் கேட்டார் என்று அவர் சொன்னதும் எனக்கே அது நியாயம் மாதிரித் தெரிந்தது. நீங்கள் எழுந்து நின்றீர்கள். உங்களுக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

“மயக்கம் ஏதுங்கய்யா? முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழதான் மரத்துப் போச்சு. நான் முழிச்சுத்தான் கெடந்தேன். எந்த ஊரும்மான்னு டாக்டர் கேட்டாக, சொன்னேன். ஒங்க பக்கம் மழை உண்டான்னு கேட்டாக, இல்லைன்னு சொன்னேன். அதெல்லாம் எங்கிட்டதான் கேட்டாக. இத மட்டும் கதவத் தெறந்துக்கிட்டு வெளிய போயி கேட்டாக.”

முழித்துக் கிடந்ததை நீங்கள் என்னிடம்கூடச் சொன்னதில்லை, மதினி.

அடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். உங்கள் மனைவிக்கு முன்னாலேயே தெரியும்தானே என்று டாக்டருடைய வக்கீல் கேட்டார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். “தெரியாதுங்க. நானும் சொல்லல. கதவுக்கு அந்தப் பக்கந்தான் கெடந்தா. அவகிட்ட கேளுங்கன்னு எனக்குச் சொல்லத் தோணலங்க” என்றார். பிறகு நடுவில் இருந்த நீதிபதி டாக்டரைப் பார்த்து, அந்த அம்மாவிடம் கேட்டீர்களா என்று நேராகக் கேட்டார். அவர் தன் வக்கீலைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். “கேக்கலங்க” என்றார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தீர்ப்பு நம் பக்கம் வந்தது பிறகுதான். உங்களுக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது.

ஊருக்குத் திரும்புகிற வழியில் டீக்கடையில் அண்ணன் தனியாக நின்றார். நான் டீயை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்து, சீனி போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

அந்த டாக்டரிடம் கூட்டம் குறையவில்லை. உங்கள் தெருப் பொண்ணு ஒருத்தி அவரிடம் போகலாமா என்று உங்களிடமே வந்து கேட்டாள். “போ, நல்ல கை. என்ன செய்யப் போறாருன்னு நீயே கேட்டுக்க” என்றீர்கள். உங்களுக்கு ரோசமே இல்லையா என்று நான் சண்டை போட்டேன். ரோசத்தை எல்லாம் உங்கிட்ட குடுத்து வச்சிருக்கேன் என்று சிரித்தீர்கள்.

போன வருசம் மதுரை ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பக்கம் நின்று நீங்கள் அதைப் பார்க்கவில்லை. உங்கள் குடலில் புற்று என்று பரிசோதனையில் வந்துவிட்டது. அங்கே இருந்த சின்ன வயது டாக்டர் உங்கள் மருமகனைக் கண்ணைக் காட்டி வெளியே கூப்பிட்டார். நான் வாசலை மறித்து நின்றேன். “அவுகளுக்குக் காது நல்லாக் கேக்கும் தம்பி. அவுகட்டயே சொல்லுங்க” என்றேன். அவருக்கு முகம் மாறியது. ஆனாலும் திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, ஆபரேசன் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, மலம் போக வயிற்றில் பை வைக்க வேண்டி வரலாம், குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாது, எல்லாவற்றையும் உங்களிடமே சொன்னார். நீங்கள் அவசரப்படாமல் கேட்டீர்கள். வலிக்கு மருந்து கொடுப்பீர்களா என்று கேட்டீர்கள். கொடுப்போம் என்றார்.

“அப்ப ஆபரேசன் வேண்டாந்தம்பி” என்றீர்கள்.

மகள் அழுதாள். மருமகன் டாக்டரிடம், நீங்க செய்யுங்க சார், நாங்க பாத்துக்கிறோம் என்றார். இவங்க வேண்டாம்னு சொல்லிட்டா நான் தொட முடியாதுங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். ஒரு தடவை எனக்காகச் சரி என்று சொல்லுங்கள் என்றேன். என் வாழ்நாளில் நான் யாரிடமும் கெஞ்சினதில்லை.

“ஏத்தா, எங்கிட்ட கேட்டாகல்ல?” என்றீர்கள். கேட்டாக என்றேன். “அப்ப நான் சொன்னதுதான்” என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டீர்கள்.

இரண்டு மழைக்காலம் இருந்திருப்பீர்கள், செய்துகொண்டிருந்தால். ஒன்றாவது இருந்திருப்பீர்கள். மதினி, நான் மன்னிக்காத ஆட்கள் நிறைய, உங்களுக்குத் தெரியாத பேர்கூட அதில் உண்டு. நீங்கள் சொன்ன அந்த வேண்டாம் மேலும் எனக்குக் கோபம்தான், அது போகாது. ஆனால் அதே அறையில் அதே கட்டிலில் நீங்கள் மறுபடியும் படுத்திருந்து, உங்கள் பேச்சை மாற்ற இன்னொருத்தர் கையெழுத்தோடு யார் உள்ளே வந்தாலும், அவர்களை நான் உள்ளே விட மாட்டேன். அது நானாகவே இருந்தாலும் விட மாட்டேன்.