மாலை போட்ட மழைமானி

பெப்ரவரி 12, திங்கள்

ஃபோட்டோகொப்பி மெஷின் மறுபடியும் பேப்பரை மென்று துப்பியது. அதைத் திட்டிக்கொண்டிருந்தபோது மரியாயி கடைக்குள் வந்தாள், முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு.

"அண்ணே, கேகாலையில மக்கள் நிதியம்னு ஒண்ணு இருக்காம். நம்ம மாதிரி சின்னச் சங்கத்துக்கெல்லாம் குடுக்கிறாங்களாம். எழுதிப் போடுங்க."

நம்ம சங்கம் என்றால் மழை பார்க்கும் சங்கம். அரநாயக்கவில் மலை சரிந்து இறங்கி வந்த வருஷத்துக்குப் பிறகு தொடங்கியது. எங்கள் மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலும் மண் வெடித்துக் கிடக்கிறது. மரியாயி மழையை அளப்பாள். ஒரு நாளில் நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் மேல் லயத்து ஆட்களை மாதா கோயில் மண்டபத்துக்கு இறக்க வேண்டும். நான் செயலாளர். அதாவது, கூட்டத்தில் தேத்தண்ணி குடிப்பேன்.

மழை வலுத்தால் அவள் கொழுந்தை விட்டுவிட்டு ஓடுவாள். கங்காணி அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார். பாதி நாள் சம்பளம் போச்சு. ஓடிப்போய்த் தொண்டை கிழியக் கத்துவதுதான் எங்கள் எச்சரிக்கை மணி. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சைரன் கிடைக்காவிட்டால் — வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

பெப்ரவரி 15

விண்ணப்பம் இரண்டே பக்கம். அதுவும் தமிழிலேயே எழுதலாமாம்! இருபது வருஷமாக ஊராருக்கு இங்கிலீஷில் பெட்டிஷன் எழுதிப் பிழைக்கிறவன் நான். படித்தவனுக்கும் புரியாது, எழுதிய எனக்கும் புரியாது. இப்படி எல்லாருக்கும் புரிகிற மாதிரி கேட்டால் என் மரியாதை என்னாவது?

விசாரித்தேன். பின்னால் வெள்ளைக்காரன் ஒருவனும் இல்லை. மாவனல்லைக் கடைக்காரர்கள், கட்டாருக்குப் போன பிள்ளைகள், பென்ஷன் வாங்கும் வாத்தியார்மார். இந்த மாவட்டத்துக்காரர் கொடுப்பது இந்த மாவட்டத்துக்கே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கும் என்று தேடுகிறேன்.

நான் கேட்டவை: லெப்டொப், பிரின்டர், சங்கத்தின் பெயர் போட்ட டீ-ஷேர்ட் அறுபது, பெயர்ப்பலகை, கமெரா, இப்படி எட்டு. சைரன் ஒன்பதாவது.

கடைசிக் கேள்வி: "போன வருஷம் உங்களால் செய்ய முடியாமல் போனது என்ன?" எழுதினேன்: எதுவுமில்லை.

ஜூலியட் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இந்தாங்க, சங்கத்தைப் பத்திக் கேக்கிறாங்களா, சொர்க்கத்தைப் பத்திக் கேக்கிறாங்களா?" பெண்டாட்டி வாசகியாக இருக்கக் கூடாது.

ஏப்ரல் 20, சனி

இன்று நிதியத்திலிருந்து பார்க்க வந்தார்கள். என் மானம் போன கதையை ஒழுங்காக எழுதுகிறேன்.

வருகிறவர்கள் மேடேறிச் சிரமப்படக் கூடாதென்று மழைமானியை மேல் லயத்திலிருந்து பிடுங்கிக் கோயில் முற்றத்தில் நட்டேன். யோசனை என்னுடையது. பெயின்ட் அடித்தோம். தோட்டத்துக்கு யார் வந்தாலும் மாலை போடுவோம். வருகிறவர்களுக்கு மட்டும் போட்டால் போதுமா? மழைமானிக்கும் போட்டோம். தடித்த செவ்வந்தி மாலை. பார்க்கப் பெருநாள் அன்றைக்கு மாதா சுரூபம் மாதிரி இருந்தது.

ஜீப் வரும் என்று சந்தியைப் பார்த்து நின்றோம். பஸ்ஸிலிருந்து குடையோடு ஒரு பெண் இறங்கினார். பளீலா மிஸ். மாவனல்லைக்காரர், முன்னே வங்கியில் இருந்தவராம். "ஸ்டாஃப் எங்கே மிஸ்?" என்றேன். "நான்தான்" என்றார்.

நான் வரவேற்புரையின் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது மழை பிடித்தது. முக்கால் மணி நேரம், தண்ணீர்க் கான் நிரம்பி ரோட்டில் ஓடியது. விட்டதும் பெருமையாக மழைமானியைத் திறந்தேன்.

ஆறு மில்லிமீட்டர்.

செவ்வந்தி இதழெல்லாம் அதன் வாய்க்குள் போய் அடைத்துக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமினேன். இந்தப் பக்கம் மழை கொஞ்சம் குறைவு என்று சொல்லலாமா? சொல்லியிருப்பேன்.

மரியாயி முந்திக்கொண்டாள். "மிஸ், இது பொய். மேல வாங்க, நான் காட்டுறேன்."

மேலே அவள் சோடாப் போத்தலை வெட்டி, அடிமட்டக் கோல் ஒட்டி வைத்திருந்தாள். நாற்பத்தி நாலு. அவளுடைய கணக்குக் கொப்பிகளும் இருந்தன, நாலு வருஷத்து மழை. பளீலா மிஸ் மேல் லயத்துத் தோமஸ் வீட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஈரச் சேலையோடு ஒரு மணி நேரம் வாசித்தார்.

"போன மே மாசம் பதினெட்டாம் திகதி சிவப்பு மையால கீறியிருக்கீங்களே, என்ன?"

"அன்னைக்குக் கத்தினேன் மிஸ். மழைச் சத்தத்துல கேக்கல. தோமஸ் அண்ணன் வீட்டுக் குசினிச் சுவர் விழுந்துதான் அவரு காலு போச்சு."

மிஸ் என் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

"நீங்க எழுதினதுக்கு நாங்க குடுக்க மாட்டோம், செக்ரட்டரி. இவங்க சொன்னதுக்குக் குடுக்கலாம். அதை எழுதி அனுப்புங்க. மழையில ஓடுற ஆளுக்கு டீ-ஷேர்ட் எதுக்கு? ரெயின்கோட் கேளுங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நாலு பேரிடம் சொல்லிக் குறை பேசியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை அந்த மனுஷி.

ஏப்ரல் 21

மழைமானியை நானே சுமந்து கொண்டுபோய் மேல் லயத்தில் நட்டேன். மரியாயி சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்றே கால் பக்கம். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய நல்ல பெட்டிஷன் இதுதான். என் வார்த்தை ஒன்றுமே இல்லை.

ஜூன் 8, சனி

கேகாலை. ஹார்ட்வெயார் கடை மாடியில் நிதியத்தின் ஒற்றை அறை. ஓட்டை கண்டுபிடிக்கத்தான் போனேன், சத்தியமாக.

யாருக்குக் கொடுப்பதென்று கடைக்காரர்கள் தீர்மானிப்பதில்லை. பளீலா மிஸ்ஸும் இல்லை. விண்ணப்பித்த ஆறு சங்கமும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு, தாங்களே கை தூக்க வேண்டும். தன் சங்கத்துக்குத் தூக்க முடியாது. இப்படியும் ஒரு ஏற்பாடா! பக்கத்து வீட்டானைப் பற்றி நல்லதைப் பேச வேண்டிய கட்டாயம். எனக்குப் பழக்கமே இல்லை.

நஜீப் என்றொருவர், சிறுநீரக நோயாளிகளை வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் சங்கம். வேனுக்கு எஞ்சின் போய்விட்டது. மரியாயி எழுந்தாள். "அவங்களுக்கு முதல்ல குடுங்க. எங்க மழை ஐப்பசியிலதான் வரும். அவங்க ஆளுங்க அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க."

மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

"ஏண்ணே மிதிக்கிறீங்க?" என்று சபையிலேயே கேட்டுவிட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நஜீப் மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்கு முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

ஜூலை 2

கிடைத்தது! இரண்டும்: வேனுக்கு எஞ்சின், எங்களுக்குக் கையால் சுற்றும் சைரன், புதிய மழைமானி, ரெயின்கோட். மழை நாளில் மரியாயி இழக்கும் பாதிச் சம்பளமும் வருஷம் முழுக்க. எங்கள் பங்காக எல்லாரும் சேர்ந்து சிரமதானம் போட்டு மேல் லயத்துக் கானை வெட்ட வேண்டும். லெப்டொப் இல்லை. தாங்கிக்கொள்வேன்.

ஓகஸ்ட் 24

புதன்கிழமை சைரன் சோதனை போட்டோம். ஜூலியட்டின் கோழி மூன்று நாளாக முட்டையிடவில்லை. குற்றவாளி நானாம்.

ஒக்டோபர் 12, சனி

காலையிலிருந்தே ஊற்றுது. பதினொரு மணிக்கு நூற்றுப் பத்து. ஒன்றரைக்கு மரியாயி சைரனைச் சுற்றிட்டா. நூற்றைம்பத்தி நாலு.

ஆட்கள் இறங்கி வந்தாங்க. தோமஸ் வர மாட்டேன்னு உட்கார்ந்துட்டார் — பன்றி வந்தாத்தான் வருவாராம். "கூட்டிட்டு வாங்க அண்ணே, மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா" — மரியாயி. பன்றியும் வந்தது. ஃபாதர் பார்க்காத மாதிரி இருந்துட்டார்.

மூணே முக்கால். ஒரு சத்தம். இடி இல்லை.

மேல் லயத்தில் நாலு காம்பரா வீடு இல்லை. தோமஸ் வீடு இல்லை.

மண்டபத்துல மேல் லயத்து ஆட்கள் அறுபத்தி மூணு பேர், ஒருத்தரும் குறையல. நான் மூணு தடவை எண்ணினேன். அறுபத்தி மூணு. இதுக்கு மேல எழுத முடியல.

ஒக்டோபர் 15

பளீலா மிஸ் வந்தார், மண்ணெல்லாம் தாண்டி. கமெரா இல்லை, பதாகை இல்லை. படம் எடுத்துக்கொள்ளுங்கள் மிஸ் என்று நானே சொன்னேன். "எதுக்கு? சைரன் கீழ் லயத்துக்குக் கேட்டதா?"

சரியாகக் கேட்கவில்லை.

"அப்ப இன்னொண்ணு வேணும்" என்று எழுதிக்கொண்டார். அப்புறம் மரியாயியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மிஸ் அழுததை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் ஒரு பொழுது இருந்தாலே அது சாதனை.

ஓட்டை தேடுவதை நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 18, சனி

மரியாயி விடியற்காலை பஸ்ஸில் கேகாலைக்குப் போயிருக்கிறாள். இந்த வருஷத்து விண்ணப்பக்காரர்களோடு கூட உட்கார்ந்து கேட்க நிதியம் அவளைக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு நாள் வர மாட்டாள்.

எட்டரை மணிக்கு நான் மேலே போய் மழைமானியைப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை, காய்ந்து கிடந்தது. திரும்பி நடந்தேன். பாதியில் ஃபோன்.

"அண்ணே, எழுதிட்டீங்களா?"

"மழையே இல்லையே, என்னத்த எழுத?"

"மழை இல்லன்னு எழுதணும்ண்ணே. எழுதாம விட்டா நாம பார்க்கவே இல்லன்னுதான் அர்த்தம்."

மறுபடியும் ஏறிப்போய்க் கொப்பியைத் திறந்தேன். அவள் கையெழுத்துக்குக் கீழே என்னுடையது, கோணலாக:

18ஆம் திகதி. 8.50. பூஜ்யம்.